வடுவூர் ஏரியில் ஒரு மாசிக் காலை
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு அதுவே அதிகம். ஆகவே ஊரெல்லாம் சுற்றாமல் ஒரே ஒரு ஏரிக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டரில் வடுவூர். கோதண்டராமரைச் சேவிக்க நீங்கள் போயிருப்பீர்கள். துப்பறியும் நாவல் பைத்தியங்களுக்கு வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஞாபகம் வருவார். அந்த ஊர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது. பரப்பு ஏறக்குறைய 113 ஹெக்டேர். நம்ம கணக்கில் 280 ஏக்கருக்குச் சற்றே குறைவு.

இது மாசி மாதம். விடியற்காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். பனி மூட்டத்தில் முதலில் ஒன்றும் தெரியாது, சத்தம்தான் கேட்கும். கோரைக்குள்ளே நீலத் தாழைக்கோழி அதட்டும். வெளிச்சம் வரவர நடுத்தண்ணீரில் கறுப்புத் திட்டுகள் அசையும். நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்ட நாமக்கோழி. பெயர் வைத்தவர் கும்பகோணத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும்! கருவேல மரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப் போட்டிருக்கும். ஓரத்துச் சேற்றில் நத்தைகுத்தி நாரை. அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். நத்தையின் சதையை உருவி எடுக்க அமைந்த அலகு அது. வயலில் நத்தை இல்லையென்றால் அந்த நாரைக்கு ஏரியில் வேலையே இல்லை.

தள்ளி மிதப்பவை வாத்துகள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன். சைபீரியா, மத்திய ஆசியா பக்கத்திலிருந்து ஐப்பசி கார்த்திகையில் வந்தவை. இப்போது இரவும் பகலும் தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டிருக்கின்றன. பங்குனிக்குள் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும். இந்தத் திரும்பும் பயணத்தை நம்ம ஊர்ப் புலவர் ஒருவர் எப்போதோ கவனித்துவிட்டார். பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்துச் சத்திமுத்தத்துப் புலவர், தெற்கே குமரியாடி வடக்கே திரும்பும் நாரையிடம்தான் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். தன் ஊர்க் குளத்தில் தங்கிப் போகச் சொல்கிறார். போகிற பறவைக்கு வழியில் ஒரு நீர்நிலை வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பறவை பார்க்கப் போகிறவர்கள் எட்டு மணிக்குப் பையை மூடிவிடுவார்கள். என் அபிப்பிராயத்தில் அப்போதுதான் பாதி வேடிக்கை ஆரம்பம். வெயில் உடம்பில் ஏறினால்தான் தட்டான்கள் கிளம்பும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டான் சட்டென்று பாய்ந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். கம்பியில் ரெண்டு அடி அடிச்சு விழுங்கும்.

சின்ன வயசில் நாம் வாலில் நூல் கட்டி விளையாடிய அந்தத் தட்டான் லேசுப்பட்டதல்ல. அதன் குஞ்சு தண்ணீருக்குள் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்னும். வளர்ந்த தட்டான் பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். மெலிந்த ஊசித்தட்டானோ நெல் தூருக்குள்ளேயே நுழைந்து புகையானைத் தின்னும். மஞ்சளாக ஒரு தட்டான், கூட்டமாகப் பறப்பது, கடலையே தாண்டுகிறது. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் பல ஆண்டுகள் குறிப்பெடுத்தார். முட்டையிட நன்னீர்க் குளங்களே அநேகமாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் தோறும் தட்டான்கள் வந்து இறங்குவதைப் பார்த்து, அவை இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். வாத்து தெற்கே வருகிற பருவத்தில் தட்டான் மேற்கே போகிறது!

இனி விஷயத்துக்கு வருகிறேன். வடுவூர் இயற்கை ஏரி அல்ல. பாசனத்துக்காக மனிதன் வெட்டியது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து இங்கே சேர வேண்டும். மிச்சத்தை ஐப்பசி மழை தரும். சித்திரையில் வற்றிவிடும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால். உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிதான். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது டெல்டாவின் பஞ்சாங்கம். பறவைக்கும் அதே பஞ்சாங்கம். 2012இல் செப்டம்பர் 17ஆம் தேதிதான் திறந்தார்கள். 2024இல் ஜூலை 28. தண்ணீர் தாமதமானால் குறுவை போச்சே என்று நாம் அழுகிறோம். நியாயம்தான். ஏரிக்குள் மீனும் பாசியும் வளரும் காலமும் அதோடு சேர்ந்து குறைகிறது.

தண்ணீர் நம் கையில் இல்லை. மருந்து நம் கையில் இருக்கிறது. 1995-96இல் அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். அந்த வெட்டுக்கிளியைத் தின்ற ஸ்வைன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அதுவும் வட அமெரிக்காவிலிருந்து குளிருக்கு ஒதுங்க வந்த பறவைதான். அந்த மருந்தின் பெயர் நம் டெல்டா விவசாயிக்குப் புதிதல்ல. அளவில்லாமல் அடித்தால் புகையானுக்கு முன்னால் அதைத் தின்னும் சிலந்தியும் தட்டானும் சாகின்றன. பிறகு புகையான் கேட்பாரில்லாமல் பெருகுகிறது. ஆசிய நெல் நாடுகள் பலவும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடையே செய்தது.

சரணாலயத்தில் காவல் உண்டு, பார்வைக் கோபுரம் உண்டு. எனக்கு அவற்றில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பறவை சாப்பிடுவது கரைக்கு வெளியே இருக்கிற வயலில். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் நிலம் இருக்கிறது. குத்தகைக்கு விட்டுவிட்டு சென்னையிலும் துபாயிலும் இருக்கிறோம். நெல் எத்தனை மூட்டை என்று போனில் கேட்கிறோம். என்ன மருந்து, எத்தனை தடவை அடிச்சீங்கன்னு யாராவது கேட்டிருக்கோமா? வயலில் ஆங்காங்கே T வடிவத்தில் குச்சி நட்டால் கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவையும் பூச்சியையும் பொறுக்கும். வேளாண் துறையே சொல்லும் யோசனை இது, மூங்கில் செலவு மட்டும்தான். முதல் வருஷம் குத்தகைதாரருக்குப் பயமாக இருக்கும், "மகசூல் குறைஞ்சா யார் பொறுப்பு?" என்பார். அந்தப் பொறுப்பில் பாதியை நிலச்சொந்தக்காரர் எடுத்துக்கொண்டால்தான் பேச்சு நகரும். குத்தகை நெல்லில் ரெண்டு மூட்டை விட்டுக் கொடுக்கத் தயாராக உள்ளவர்கள் சாப்பாடு முடிந்ததும் என்னிடம் பேசுங்கள். ஏற்கனவே மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு விடுதி வாசலிலிருந்து வேன் கிளம்பும். பைனாகுலர் ரெண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். டிபன் மன்னார்குடியில்.