யார் பக்கம்?



நாமக்கல் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்காகும். மனைவிக்கும் மாமியாருக்கும் பேச்சில்லை. மூவரும் குடும்ப ஆலோசகரிடம் போகிறார்கள்.

மனைவி மனம்விட்டுப் பேசுகிறார். ஆலோசகர் தலையாட்டிக் கேட்கிறார். கணவரோ செல்போனையே பார்க்கிறார். 'இந்தம்மா அவ பக்கம்' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். அடுத்த முறை வரமாட்டார்.

ஆலோசனைக்கு வருபவர் தனி ஆள் என்றால், ஆலோசகர் மீது அந்த ஒருவருக்கு நம்பிக்கை இருந்தால் போதும். குடும்பம் என்றால் ஒவ்வொருவருக்கும் நம்பிக்கை வேண்டும். ஒருவருக்கு இருந்து, இன்னொருவருக்கு இல்லையென்றால் வேலை நடக்காது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பின்சாஃப் இந்த நம்பிக்கையை அளக்கவே கேள்வித்தாள் உருவாக்கினார். ஆலோசகர் என்னைப் புரிந்துகொள்கிறாரா என்பதோடு அது நிற்காது. என் வீட்டாரையும் புரிந்துகொள்கிறாரா என்றும் கேட்கும்.

இந்தக் கேள்விகளை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. மாமியார் எதிரில் மருமகளைக் கேட்டால், "எல்லாம் சரிங்க" என்றுதான் பதில் வரும். நம்மூர் மரியாதை அப்படி!

நீதிமன்றம் வழியாக ஆலோசனைக்கு வருபவர்களும் உண்டு. உதாரணத்துக்கு, சேலத்தில் குடும்பநல நீதிமன்றம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி, அங்கே முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். ஆனால் வருகிற இருவரும் விரும்பியா வருகிறார்கள்? அரை மனதோடு வந்தவரிடம்தான் ஆலோசகர் கூடுதலாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் ஆலோசனைக்குப் போகிறீர்களா? ஆலோசகர் ஒரு பக்கம் சாய்கிறார் என்று தோன்றினால், அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.