வண்டிச் சாயத்தில் வட்டக் கீறல்



ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் கார் என்றால் அது துரையின் கார்தான். அதைக் கழுவித் துடைத்து நிறுத்துவது டிரைவரின் வேலை. நம்மவர்கள் சைக்கிளில் போனார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அது நம் சிலாங்கூர் மாநிலத்து ஷா ஆலம் தொழிற்சாலையில் உருவான கார். 1994-இல் பெரோடுவாவின் சின்னக் கார், கஞ்சில், வந்தது. அதன் பிறகு லயத்து வாசலிலும் கார் நிற்பது சாதாரணக் காட்சியாகிவிட்டது.

பல குடும்பங்களுக்கு அந்தக் கார் பெரிய சொத்து. மாதந்தவறாமல் தவணை கட்டி வாங்கியது. அதை ஒரு நாள் விற்கப் போனால், வாங்க வருபவர் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன் சாயத்தைத்தான் பார்க்கிறார். சாயம் மங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கிறார். ஆகவே, சாயத்தில் விழும் வட்டக் கீறல்களை வீட்டிலேயே எப்படிப் போக்குவது, அவை மறுபடி விழாமல் எப்படிக் காப்பது என்று இன்று பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெராம் கடற்கரைப் பக்கம் குடும்பத்தோடு போய் வண்டியை வெயிலில் நிறுத்துகிறீர்கள். கறுப்பு அல்லது கருநீலக் காராக இருந்தால், பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். “யாரோ வட்டமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள்” என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் பளிச்சிடுவதால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. உங்கள் சமையலறையில் நாள்பட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி இதே வட்டங்கள் தெரியும். தட்டை அசைத்தால் வட்டமும் கூடவே நகரும்.

இந்தக் கீறல்களை யார் போட்டார்கள்? பெரும்பாலும் நாமேதான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் வந்த வண்டியின் மேல் புழுதி படிந்திருக்கிறது. அந்தப் புழுதியில் நுண்ணிய மணல் உண்டு. மணல் சாயத்தைவிடப் பல மடங்கு கடினமானது. அந்த வண்டியை நாம் பழைய பனியன் துணியால், தண்ணீர்கூட ஊற்றாமல், சரசரவென்று துடைக்கிறோம். துணிக்கும் சாயத்துக்கும் நடுவில் அகப்பட்ட மணல் உப்புத்தாள் போல வேலை செய்கிறது. சிலர் துடைப்பத்தால் தேய்க்கிறார்கள். சிலர் சக்கரத்தைக் கழுவிய அதே துணியைக் கதவுக்கும் கொண்டுவருகிறார்கள். வண்டியைச் சுத்தம் செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே வாரந்தோறும் கீறல் போடுகிறோம்.

சரி, கீறலைப் போக்குவது என்றால் என்ன? இதைத்தான் நீங்கள் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பாலிஷ் போடுவது என்பது எதையோ புதிதாகப் பூசுவது அன்று. இருப்பதைத் தேய்த்து எடுப்பது.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குகிறோம். கறுத்த மேல்பகுதி கரைந்தும் தேய்ந்தும் போய், அடியிலிருக்கும் புதுப் பித்தளை தலைகாட்டுகிறது. ஒவ்வொரு முறையும் விளக்கு ஒரு துளி தேய்கிறது. ஆனால் பித்தளை கனமானது. பாட்டி விளக்கைப் பேத்தியும் ஏற்றலாம். காரின் சாயம் அப்படியல்ல.

இக்காலத்துக் கார்களில் தகரத்தின் மேல் துருத் தடுக்கும் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதற்கு மேல் நிறமில்லாத கண்ணாடி போன்ற பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனமே சுமார் 100 மைக்ரான். இதில் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு 35 முதல் 50 மைக்ரான், அதாவது அரைத் தாள் கனம். வட்டக் கீறல்கள் இந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. நிறத்தை வெயிலிலிருந்து காப்பதும் இதுதான். கீறலின் அடிமட்டம் வரை சுற்றுப்புறத்தைத் தேய்த்துச் சமன் செய்தால் கீறல் மறைகிறது. அளவுக்கு மேல் தேய்த்தால் காவலே போய்விடுகிறது. பிறகு நம் வெயிலில் நிறம் வெளுத்து, பூச்சு தோல் உரிவது போல உரியும். அதற்குப் பாலிஷ் மருந்தாகாது. முழுச் சாயம் அடிக்க வேண்டியதுதான்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். என்னிடம் முன்பு ஒரு கருநீலக் கார் இருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மின்சாரப் பாலிஷ் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி, சொரசொரப்பான காம்பவுண்டைத் தடவி, பானெட்டைத் தேய்த்தேன். நடுப்பகுதி கண்ணாடி போல் ஆனது. அந்த மகிழ்ச்சியில் விளிம்பு மேட்டிலும் இயந்திரத்தை அழுத்தினேன். மேடான இடங்களில் சாயம் மெல்லியதாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நொடியில் நிறம் போய் அடிப்பூச்சு பல்லைக் காட்டியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கு சாயப் பட்டறைக்குப் போயிற்று. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனிச் செய்யும் முறையைக் கேளுங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன், கூரை நிழலில் வண்டியை நிறுத்துங்கள். தொட்டால் தகரம் குளிர்ந்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தடவிப் பார்த்தால் நறநறவென்று இருக்கிறதா? கார் சாமான் கடைகளில் விற்கும் களிக்கட்டியை ஈரமாக்கி, அழுத்தாமல் நழுவவிட்டால் ஒட்டிய அழுக்கு வந்துவிடும். களிக்கட்டி தரையில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், மண் ஒட்டியிருக்கும்.

அடுத்து, நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறல் ஆழமானது. அதைப் பாலிஷால் போக்க முயல வேண்டாம். நகம் மாட்டாத கீறல்களே நம் வேலைக்கு உரியவை.

கடையில் கேட்டு வாங்கும்போது கவனம் தேவை. ‘காம்பவுண்ட்’ சொரசொரப்பானது. ‘பாலிஷ்’ மென்மையானது. ‘வேக்ஸ்’ என்னும் மெழுகு தேய்ப்பதில்லை; மூடிக் காக்கிறது. முதலில் மிக மென்மையான பாலிஷையே வாங்குங்கள். வண்டி முழுவதும் தொடங்கிவிடாதீர்கள். ஒரு முழச் சதுர இடத்தில் மட்டும் சோதனை செய்யுங்கள். பஞ்சுத் திண்டில் மொச்சைக் கொட்டை அளவு இரண்டு மூன்று சொட்டு போதும். மிதமாக அழுத்தி, முதலில் மேலும் கீழுமாக, பிறகு இடமும் வலமுமாக, ஓட்டம் ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி தேயுங்கள். மருந்து மெலிந்து கண்ணாடி போல் ஆனதும், சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். போதுமென்றால் நிறுத்திவிடுங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை. அதிலும் போகவில்லை என்றால்தான் அடுத்த தரத்துப் பாலிஷ்.

துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால், உங்கள் வண்டியில் கண்ணாடிப் பூச்சு இல்லை என்று பொருள். பழைய கார்கள் சிலவற்றில் இப்படி இருக்கும். அல்லது அந்தப் பூச்சு ஏற்கெனவே தேய்ந்து போயிருக்கலாம். இரண்டிலும் மிகக் குறைவாகவே தேய்க்க வேண்டும். விளிம்பு, மேடு, கதவுக் கைப்பிடி ஓரம் ஆகியவற்றில் ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்தால் ஒரு பானெட்டுக்கே தோள் வலிக்கும். ஆனால் கையால் சாயத்தைச் சுட்டுக் கெடுப்பது அரிது. இயந்திரம்தான் வேண்டுமென்றால், ஒரே இடத்தில் சுழலும் வகையை விட்டு, ஆடிக்கொண்டே சுழலும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் சூடு குறைவு. பளபளப்பே இல்லாத மங்கல் சாயம் அடித்த வண்டிக்கு எந்தப் பாலிஷும் கூடாது.

தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் போகும் என்பார்கள். போகாது; எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், அவ்வளவுதான். மறுநாளே புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பற்பசையும் வேண்டாம். அதன் சொரசொரப்பு எந்த அளவில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

பாலிஷ் முடிந்ததும் மெழுகு பூசுங்கள். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. கார் மெழுகில் பேர்பெற்றது கர்னாபா மெழுகு. அது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் பால்மரத்தின் பூர்வீகமும் பிரேசில்தான். செம்பனையோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்நாட்டில் அதை முதன்முதலாக வியாபாரத்துக்கென்று நட்டது 1917-இல், நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். மரங்களை நம்பி வாழ்ந்த நமக்கு, நம் வண்டியைக் காப்பதும் ஒரு மரம்தான் என்பது பொருத்தமே. கடற்காற்றின் உப்பும் பறவை எச்சமும் நேராகச் சாயத்தைத் தொடாமல் மெழுகு கொஞ்ச நாள் தடுக்கும். தேய்ந்ததும் மறுபடி பூசலாம். மெழுகை எத்தனை முறை பூசினாலும் நட்டமில்லை; பாலிஷை எத்தனை முறை போடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு.

கடைசியாக, கழுவும் முறை. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். முதலில் குழாய்த் தண்ணீரால் மண்ணைக் கரைத்து ஓடவிடுங்கள். பிறகு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்பு வாளியில் நனையுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி, அதுவும் கடைசியில். சலவைத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகைக் கரைத்துவிடும். அவற்றைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். ஈரத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வெறும் புழுதியை உலர்ந்த துணியால் ஒருநாளும் துடைக்காதீர்கள்.

நேயர்களே, விடுமுறை நாளில் வண்டி கழுவும் வேலையை நாம் பெரும்பாலும் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறோம். அடுத்த முறை ஒரு பழைய பனியனை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு வாளியையும் நல்ல துணியையும் கொடுத்து, எவர்சில்வர் தட்டைக் காட்டிக் காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை பொறுப்போடு செய்வான். தவணை முடியும் நாளிலும் உங்கள் வண்டி முகம் பார்க்கும் கண்ணாடி போல் நிற்கும்.