அன்னத்தின் வாயிலே ஆவி!

(பழங்காலக் கார்களை அலங்கரித்தவர்களிடம் விஞ்சி நின்றது ரசனையா? படாடோபமா? என்ற பட்டிமன்றத்தில், 'படாடோபமே' அணியில் பேசியது)

   

எதிரணித் தலைவர் ஒரே போடாப் போட்டுட்டாரு. "காசு அவனுது, காரு அவனுது. உங்களுக்கு எங்கய்யா வலிக்குது?" அப்படீன்னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல கேள்விதானே! எங்கே வலிக்குதுன்னு சொல்லத்தான் இப்ப எழுந்து நிக்கிறேன். (சிரிப்பு)

கொஞ்சம் கல்கத்தாவுக்கு வாங்க. வருஷம் 1910. வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவுக்கு அப்போ கல்கத்தாதான் தலைநகரம். டெல்லிக்கு மாத்தறோம்னு 1911 கடைசியிலேதான் அறிவிச்சாங்க. அந்தக் கல்கத்தாவிலே ராபர்ட் நிக்கோல் மேத்யூசன் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பொறியாளர். பெரும் பணக்காரர். ஊரிலே இருக்கிற மற்ற பெரிய மனுஷங்க எல்லாம் வாயைப் பிளக்கணும்னு அவருக்கு ஒரு ஆசை. இங்கிலாந்திலே லோஸ்டாஃப்ட் என்கிற கடற்கரை ஊரிலே இருந்த ப்ரூக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தாரு. என்ன கார் தெரியுங்களா? அன்னப்பறவை!

விளையாட்டுக்குச் சொல்லலீங்க. முன்னாலே வளைந்த நீளக் கழுத்து, தலை, அலகு. உடம்பு முழுக்கச் செதுக்கிய இறகு. பின்பக்கம் தாமரைப்பூ வேலைப்பாடு. அதுக்கு மேலே தங்க ரேக்கு. அன்னத்தின் கண்ணிலே பல்பு. ராத்திரியிலே கண்ணு மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரியும். பிள்ளைங்க பார்த்தா ரெண்டு நாளைக்குக் காய்ச்சல்தான்! (சிரிப்பு) ஹாரன் எப்படி? நம்ம ஊரு 'பாம் பாம்' இல்லை. எட்டு ஸ்வரம். இஞ்சின் புகையின் வேகத்திலே ஊதும். பின்சீட்டிலே உக்காந்துக்கிட்டு ஆர்மோனியம் மாதிரி கட்டையை அமுக்கி வாசிக்கணும். டிரைவரிடம் "லெஃப்ட்லே திரும்புப்பா"ன்னு வாயால சொல்றதா, கௌரவம் என்னாகிறது? கப்பலிலே கேப்டன் இஞ்சின் ரூமுக்கு உத்தரவு அனுப்புவாரே, அந்தக் கருவியை வச்சுக்கிட்டாரு. யானைச் சாணம் டயரிலே ஒட்டினா, அதைத் தள்ளிவிட பிரஷ்!

நம்ம இலக்கியத்து அன்னம் என்ன செய்யும்? பாலையும் நீரையும் பிரிக்கும். நளனுக்காகத் தமயந்தியிடம் போய்ப் பேசும். இந்தக் கல்கத்தா அன்னம் என்ன செஞ்சுது? பின்பக்கம் ஒரு வால்வு. அதைத் திறந்தா ரோட்டிலே சொத்துன்னு சுண்ணாம்புத் தண்ணி கொட்டும். எதுக்கு? பறவைன்னா எச்சம் போடணுமா இல்லையா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சீங்க. படிக்கும்போது எனக்கும் சிரிப்புதான் வந்தது. இப்ப முன்பக்கம் வாங்க. அலகு இருக்கே, அது சும்மா அழகுக்கு இல்லை. இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடுகிற அமைப்போட அதுக்குத் தொடர்பு இருக்கு. டிரைவர் நினைச்சா அலகு திறக்கும். உள்ளேயிருந்து ஆவி பீறிக்கிட்டு வரும். எதுக்காக? தெருவிலே கூட்டத்தை விலக்கி வழி பண்ணுறதுக்கு.

யாரை விலக்க, நடுவர் அவர்களே? வைஸ்ராய் வண்டியையா? கூடை சுமந்துக்கிட்டுப் போறவனை. ரிக்‌ஷா இழுக்கிறவனை. பிள்ளையை இடுப்பிலே வச்சுக்கிட்டு நடக்கிற தாயை. எதிரணி நண்பரே, எங்கேய்யா வலிக்குதுன்னு கேட்டீங்களே... இங்கேதான் வலிக்குது! (நீண்ட கைதட்டல்)

அழகான ஒண்ணைப் பார்த்தா மனுஷன் கிட்டே வருவான். கோலத்தைக் குனிஞ்சு பார்ப்பான், தேரைத் தொட்டுக் கும்பிடுவான். கிட்டே வர்றவனை விரட்டுறதுக்கு ஒரு இயந்திரத்தை உள்ளேயே வச்சுக் கட்டினவனுக்கு ரசனைன்னு பேரா? அந்தக் கார் முதல்முதலா வெளியே வந்த அன்றைக்கே தெருவிலே ஒரே கலவரம். போலீஸ் தலையிட வேண்டியதாப் போச்சு. ஒண்ணு சொல்லிடறேன். இறகைச் செதுக்கின கை இருக்கே, ரேக்கு ஒட்டின கை இருக்கே, அந்தக் கைகளைக் கும்பிடறேன். அது தொழிலாளியின் திறமை. அதைக் காட்டி முதலாளிக்கு ரசனைப் பட்டம் வாங்கித் தர எதிரணி பார்க்குது.

இன்னொரு அம்மையார் இருந்தாங்க, இங்கிலாந்திலே. லேடி டாக்கர். கணவர் டெய்ம்லர் கார் கம்பெனி இருந்த நிறுவனத்துக்கே தலைவர். 1951லே ஒரு கார்; உடம்பெல்லாம் 7,000 தங்க நட்சத்திரம். அந்த வருஷம் அந்த நாட்டிலே கறிக்கு இன்னும் ரேஷன்! 1954லேதான் ரேஷன் எடுத்தாங்க. கூப்பன் வச்சுக்கிட்டு வரிசையிலே நிக்கிற குடும்பத்தலைவி முன்னாலே நட்சத்திரம் போறதை நினைச்சுப் பாருங்க. 1955லே அடுத்த கார். சீட்டு, வரிக்குதிரைத் தோல். டாஷ்போர்டு, தந்தம். ஏம்மா வரிக்குதிரைன்னு கேட்டா, மிங்க் ரோமத்திலே உக்காந்தா சூடா இருக்குன்னாங்களாம்! (சிரிப்பு) 1956லே கணவரைப் பதவியை விட்டே இறக்கிட்டாங்க.

ஜான் லெனனைக் கேட்டாரு எதிரணித் தலைவர். 1965லே வாங்கின கறுப்பு ரோல்ஸ் ராய்ஸ். 1967லே அதுக்கு மஞ்சள் அடிச்சு, மேலே பூவும் கொடியும் வரைஞ்சு வச்சாரு. ஒரு பாட்டியம்மா ஆத்திரத்திலே குடையாலே அடிச்சதா ஒரு கதை கூட உண்டு. 1985லே ஏலத்திலே 22 லட்சத்து 99 ஆயிரம் டாலருக்குப் போச்சே, அது ரசனைக்குச் சான்று இல்லையான்னாரு. விலை சான்று ஆகாது ஐயா. அவர் தொட்ட பேனா கூட விலை போகும். ஆனா அந்தக் காரை நான் திட்ட மாட்டேன். கண்ணைக் கூசும், அவ்வளவுதான். தெருவிலே போறவன் மேலே அது எதையும் ஊதலை. பாட்டிதான் அதை அடிச்சாங்க. அது பாட்டியை அடிக்கலை! (கைதட்டல்)

அன்னம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. நாபா மகாராஜா வாங்கினார். அதுக்குத் துணையா மின்சாரத்திலே ஓடுற ஒரு குட்டி அன்னமும் செய்ய வச்சார். ஆயிரம் சொல்லுங்க, அந்தக் குஞ்சு எனக்குப் பிடிச்சிருக்கு. தாயும் குஞ்சும் இப்ப நெதர்லாந்திலே, ஹேக் நகரத்து லாவ்மன் அருங்காட்சியகத்திலே நிக்குது. டிக்கெட் வாங்கினா யாரும் பக்கத்திலே போய்ப் பார்க்கலாம். நடுவர் அவர்களே, நீங்க தீர்ப்பு எழுதும்போது டிக்கெட் வாங்கினவரை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. 1910லே கூடையோட ஒதுங்கி நின்ன அந்த ஆளையும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்க.

மணி அடிச்சுட்டாங்க.