85 கிலோ என்னும் கோடு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டியும் திருவிழா நாட்களிலும் நடைபெறும் கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகளில், முதல் பரிசுத் தொகைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் எடைப் பிரிவுதான். களத்தோரம் வைக்கப்பட்ட எடை இயந்திரத்தின் மீது ஆட்டக்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை அடக்கியபடி ஏறி நிற்பதும், மூச்சை அடக்குவதால் எடை குறையாது என்று அறிந்தவர்களும் அவ்வாறே நிற்பதும் வழக்கம். ஊர்ப் போட்டிகள் தத்தம் வசதிக்கேற்ப வரம்பு வகுத்துக்கொள்ள, தேசிய அளவிலான போட்டிகளில் ஆண்களுக்கு 85 கிலோவும் பெண்களுக்கு 75 கிலோவும் உச்ச எடையாக விதிக்கப்பட்டுள்ளன.

இத்தகைய கோடு ஏதும் இல்லாத விளையாட்டில் உடல் என்னவாகிறது என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து சான்றாகும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவ்வாட்டத்தில் எதிரணியை மறித்து நிற்கும் முன்வரிசை வீரர்களுக்கு லைன்மேன் என்று பெயர்; நம் ஊரில் அச்சொல் மின்கம்பத்தில் ஏறுபவரைக் குறிக்க, அங்கு அது 130, 140 கிலோ எடையுள்ள மனிதச் சுவரைக் குறிக்கிறது. அந்நாட்டின் தேசியப் பணிப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 3,439 முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வீரர்கள் மொத்தத்தில் பொதுமக்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர். ஆயினும் தற்காப்பு முன்வரிசையினர் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 42 விழுக்காடு மிகுந்திருந்தது. விளையாடிய காலத்தில் உடல் நிறைக் குறியெண், அதாவது கிலோவிலுள்ள எடையை மீட்டரிலுள்ள உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் எண், 30 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, ஏனைய வீரர்களைவிட இந்த ஆபத்து இரு மடங்காகும்.

தசை மிகுந்த உடலைக் கொழுத்த உடலோடு ஒப்பிடலாகாது என்ற மறுப்பு பாதியளவே சரியானது. தசையாயினும் கொழுப்பாயினும் அதற்குக் குருதியை அனுப்ப வேண்டியது ஒரே இதயம்தான். இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கும்போது இதயத்தின் இடக் கீழறையின் சுவர் தடித்து விறைப்படைகிறது. தடித்த கழுத்து உறக்கத்தில் தொண்டையிலுள்ள மூச்சுப் பாதையை அழுத்துவதால் மூச்சு விட்டுவிட்டு நின்று, உயிர்வளி குறைந்து, இரவிலும் இதயத்திற்கு ஓய்வு கிடைப்பதில்லை. உரத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதும் நம் வழக்கம் இந்நோயைப் பல வீடுகளில் மறைத்துவிடுகிறது. உடல் பருக்கும் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும் தோலின் பரப்பு பெருகுவதுமில்லை. 2001இல் கோரி ஸ்ட்ரிங்கர் என்னும் சுமார் 150 கிலோ எடையுள்ள வீரர், 27 வயதில், கோடைப் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தால் இறந்தார். அவரது உடல் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைக் கடந்திருந்தது.

அந்த அளவு பெருக்கத்தைக் கபடியின் கோடு தடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காகச் செய்யப்படுபவை வேறொரு நோய்க்கு வழி திறக்கின்றன. எடை பார்க்கும் விளையாட்டுகளில் முதல் நாளே சோற்றையும் தண்ணீரையும் நிறுத்துவதும், வெயிலில் தடித்த உடை அணிந்து ஓடி வியர்வை சிந்துவதும் பழகிப்போனவை. இவ்வழியில் ஓரிரு நாட்களில் இறங்கும் எடையில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீரே. நீர் குறையக் குருதியின் அளவு சுருங்கி இதயம் விரைந்து துடிக்கிறது, சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதி குறைகிறது, வியர்வை வற்றி உடல் வெப்பம் ஏறுகிறது. 1997இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்த பின்னரே அங்கு ரப்பர் உடைகளும் நீராவி அறைகளும் தடை செய்யப்பட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 100 கிராம் எடை மிகுதியால் தகுதி இழந்தபோது நாடே அந்த 100 கிராமைப் பற்றிப் பேசியது; அதற்கு முந்தைய இரவு அவர் உடல் பட்ட பாடு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஆட்டத்தை விட்ட பின்னரும் இச்சிக்கல் தீர்வதில்லை. ஓட்டம் நின்று, உணவின் அளவு மட்டும் பழையபடி நீடிப்பதால், முன்னாள் ஆட்டக்காரரின் இடுப்புச் சுற்று சில ஆண்டுகளில் பெருகிவிடுகிறது. இந்தியர்களுக்குக் குறியெண் 25ஐ எட்டினாலே உடற்பருமன் என மருத்துவர்கள் கணிப்பதால், 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 73 கிலோவே எச்சரிக்கைக்குப் போதுமானது.

களத்திலேயே ஒருவர் வெப்பத்தால் மயங்கிப் பேச்சுக் குழறினால், 108க்குச் சொல்லிவிட்டு, ஊர்தி வரும்வரை காத்திராமல் அவர் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் விதி. செஞ்சிப் பக்கத்து உள்கிராமம் ஒன்றிலிருந்து முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையும் நேரத்திற்குள் மூளையும் சிறுநீரகமும் பாழாகிவிடலாம். களத்துப் புழுதி அடங்கத் தெளிப்பதற்கென வைத்திருக்கும் தண்ணீர் பீப்பாயோ பத்தடி தொலைவிலேயே நிற்கிறது.