கீழாநெல்லியும் ஒரு மஞ்சள் பூவும்

மழை பெய்து நாலு நாளானால் வேலியோரம் தானாக முளைக்கிற செடி கீழாநெல்லி. இலைக்குக் கீழே கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர் வந்ததே அதனால்தான். காமாலை என்றதும் நம் வீடுகளில் இதைப் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள்.

இந்த வேலியோரச் செடி ஒருமுறை லண்டனின் லான்செட் மருத்துவ இதழ் வரை போனது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் வேறு சிலரும் எழுதிய கட்டுரை அது. அந்த வைரஸை உடம்பில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது.

பிறகு தாய்லாந்து முதலிய இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் சத்து மண்ணுக்கு மண் மாறும் என்பது உண்மைதான். ஆனாலும் இன்றுவரை கேள்வி தீரவில்லை.

அப்படியானால் நம் வீட்டுப் பாட்டிகள் இதைக் கொடுத்துக் காமாலையைக் குணப்படுத்தியது எப்படி? அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு!

காமாலைக்குக் கீழாநெல்லி போல மனச்சோர்வுக்கும் ஒரு செடி உண்டு. ஐரோப்பாவில் மஞ்சளாகப் பூக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். ஜெர்மனியில் டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். 2008இல் 29 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், வெற்று மாத்திரையை விட மேல், வழக்கமான மருந்துகளுக்கு ஏறக்குறைய சமம் என்று தெரிந்தது.

சங்கடம் எங்கே தெரியுமா? கல்லீரலில். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை இந்தச் செடி முடுக்கிவிடுகிறது. கூடவே சாப்பிடும் வேறு மருந்துகள் வேலை செய்யுமுன்னே கரைந்துபோகின்றன. சூரிச் நகரில் மாற்று இதயம் பொருத்திய இருவர் இதைச் சாப்பிட்டதாக 2000இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. இதயத்தைக் காக்கும் மருந்தின் அளவு ரத்தத்தில் சரிந்து, உடம்பு அந்த இதயத்தையே எதிர்க்கத் தொடங்கியது. கருத்தடை மாத்திரையும் பொய்த்துப்போகலாம். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்கிறோம். ஒன்றும் செய்யாதது மருந்தாகவும் இருக்காதே!

கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனம் இரண்டு வாரத்துக்கு மேல் இருண்டே கிடந்தால் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் என்ன கஷாயம், என்ன பொடி சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.