உறுதிக்கும் உண்டு ஓர் அளவு

ஒரு செய்தியை நாம் எத்துணை உறுதியாக அறிந்திருக்கிறோம் என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. 'சர்ட்டன்லி' என்றால் ஐயமே இல்லை. 'பிராபப்லி' என்றால் நடக்கும் வாய்ப்பே மிகுதி. 'பெர்ஹாப்ஸ்' என்றால் நடக்கலாம், நடவாமலும் போகலாம்.

துணைவினைகளிலும் இப்படிகள் உண்டு. விளக்கு எரியும் வீட்டைக் கண்டு, 'ஹீ மஸ்ட் பீ அட் ஹோம்' என்போம். அவர் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று சான்றிலிருந்து முடிவு செய்கிறோம். 'மே' என்றால் இருக்கலாம். 'மைட்' என்றால் ஐயம் சற்றுக் கூடுகிறது. வீடு பூட்டியிருந்தால் 'மஸ்ட் நாட் பீ' என்று எழுதுவோர் பலர். 'கான்ட் பீ' என்பதே பொருத்தம். 'ஷ்யூர்லி' என்பதோ உறுதிச்சொல் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் கேட்பவரின் ஒப்புதலை வேண்டி நிற்பது.

இவ்வேறுபாடு இலக்கணத் தேர்வோடு முடிவதன்று. 1951-இல் அமெரிக்க உளவுத்துறையின் அறிக்கையொன்று, அவ்வாண்டில் யூகோஸ்லாவியாமீது படையெடுப்பு நிகழ்வதை 'சீரியஸ் பாஸிபிலிட்டி' என்று கருதவேண்டும் என்றது. அதன் பொருள் யாது என ஓர் அதிகாரி வினவினார். அதைத் தயாரித்தவர்களுள் ஒருவரான ஷெர்மன் கென்ட், நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 65 என்றார். கேட்டவர் திடுக்கிட்டார்; அவர் மிகக் குறைவாக எண்ணியிருந்தார். பின்னர்க் கென்ட் தம் குழுவினரையே கேட்டார். விடைகள் 20 முதல் 80 வரை பரந்திருந்தன! ஒரே சொற்றொடருக்கு ஒப்பமிட்டவர்கள் ஒரே பொருளைக் கொள்ளவில்லை. 1964-இல் வெளியான கட்டுரையில் அவர் இத்தகைய சொற்களுக்கு எண்ணளவு வகுத்தார். 'பிராபபிள்' என்பதற்கு ஏறத்தாழ 75. 'ஆல்மோஸ்ட் சர்ட்டன்' என்பதற்கு ஏறத்தாழ 93.

நானும் ஒருமுறை தவறினேன். தலைமையாசிரியராக இருந்தபோது, தான் விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று ஒரு மாணவன் கேட்டான். 'டெஃபினிட்லி' என்றேன். என்னிடம் இருந்தது அவன்மீது அன்பு, சான்று அன்று. என் சொல்லை நம்பி அவன் வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை. இடம் கிடைக்கவில்லை, ஓராண்டு வீணாயிற்று. 'பிராபப்லி' என்று மட்டும் சொல்லியிருந்தால், அவன் இன்னொரு விண்ணப்பமும் எழுதியிருப்பான்.

ஆகவே மாணவர்களே, சொல்லைத் தேர்வதற்கு முன் சான்றை எடை போடுங்கள். 'இருக்கலாம்' என்பது அறியாமையின் அடையாளமன்று; அறிந்ததன் எல்லையை நேர்மையாகக் காட்டும் சொல் அது.