பழைய போட்டை விற்கும் முன்னே

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



உள்ளூர்க் குழுக்களுக்கு மாடு எப்படியோ, கடலோரக் குழுக்களுக்கு போட்டு அப்படி. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம், பெசன்ட் நகர் ஊரூர் குப்பம் பக்கம் போனால் மணலில் ஃபைபர் போட்டுகள் வரிசையாக நிற்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக நிறைய ஃபைபர் போட்டு வந்தது. சிலது நாலைந்து குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். இப்படிக் கூட்டாக உள்ள போட்டை ஒருத்தர் மட்டும் விலை பேசினால் வீண் சண்டைதான். பங்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

விற்பது என்று முடிவானதும் பெயிண்ட் வாங்க ஓடுகிறார்கள். எங்களைக் கேட்டால் அது கடைசி வேலை. தினமும் மணலில் இழுப்பதால் அடிப்பாகம்தான் தேயும். போட்டைக் கவிழ்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். விரிசலுக்கு மேட், ரெசின் வைத்து ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. விரிசல் மேல் வெறும் பெயிண்ட் பூசினால், வாங்க வருகிற அண்ணன் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் நல்லா இருக்கிற எஞ்சினையும் சந்தேகப்படுவார்.

போட்டு, எஞ்சின், வலை மூன்றுக்கும் தனித்தனி விலை சொல்லுங்கள். மொத்தமாகப் பேசினால் வலை இனாமாகப் போய்விடும். வலை வாங்கினது பெரும்பாலும் நம்ம குழுக் கடனில்தானே!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்போது மீன் விலை ஏறும், ஃபைபர் போட்டைத் தேடி வருவார்கள். அவசரம் இல்லாதவர்கள் அதற்குக் கொஞ்சம் முன்னே விற்கலாம்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். போட்டு மேல் ‘ஐஎன்டி டிஎன்’ என்று தொடங்கும் எண் இருக்கிறதே, அது மீன்வளத்துறைப் பதிவு எண். பல இடத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கரையிலேயே பணத்தை எண்ணி முடித்துவிடுகிறார்கள். ஆர்.சி. புக் மாற்றாமல் பைக் விற்ற கதைதான். நாளைக்கு அந்தப் போட்டு கடத்தலில் சிக்கினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றியே ஆக வேண்டும். மானியத்தில் வாங்கியதா? இத்தனை வருஷம் விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கலாம், உத்தரவை எடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வங்கிக் கடன் இருந்தால் என்.ஓ.சி. வாங்குங்கள்.

விலை பேசும்போது நீங்களும் கூட நில்லுங்கள் அக்கா. தவணை கட்டியது நீங்கள். கடன் பாக்கி எவ்வளவு என்று ஊக்குநரிடம் எழுதி வாங்கி, முன்பணத்திலேயே அதைக் கழித்து, தீர்மான நோட்டில் ஏற்றிவிடுங்கள். முழுப் பணமும் கைக்கு வரும்வரை எஞ்சின் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.